மூடியும் தூங்காத மெசின்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்புற ஒழுங்கையில், உரக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, இறைப்பு மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிற கடை ஒன்று இருக்கிறது. பலகையில் பெயர் இல்லை. 'உதயகலாக்காவின்ரை கடை' என்றால் பத்தைமேனி, இடைக்காடு, வளலாய் வரைக்கும் தோட்டக்காரருக்குத் தெரியும். வைகாசியில் சோளகக்காற்று எழும்பி வெங்காயத் தறைகளில் நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டால் அவளுக்குச் சோறு தின்ன நேரமிராது. சைக்கிள் கரியரிலும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியிலும் மோட்டர்கள் வந்து இறங்கியபடி இருக்கும்.

நோயுள்ள மோட்டர் வந்தால் அவள் முதலில் மீட்டரை எடுக்கமாட்டாள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, புறங்கையை அதன் உடம்பில் அங்கங்கே வைத்துப் பார்ப்பாள்.

"முன்பக்கம்தான் சுடுது. பெயறிங் போகுது. கம்பி நல்லாயிருக்கு. வீணா அவிட்டுச் சுத்தச் சொல்லாதையுங்கோ."

சொன்னால் அது பிழையாய்ப் போனதில்லை. இருபது வயதில் கைத்தொழில்பேட்டையில் கூலிக்குச் சேர்ந்து பழகிய கை. இப்போது நாற்பத்து நான்கு.

அவளுடைய கணவன் சோமசேகரம் உழவு மெசின் ஓட்டியவன். வாய் ஓயாத மனிதன். ஒரு தறை உழுது முடிவதற்குள் வரம்பில் நிற்பவனுடைய வீட்டுச் சண்டை, விதைவெங்காயத்தின் விலை, கோயில் நிர்வாகத்தின் குளறுபடி எல்லாவற்றையும் கதைத்துத் தீர்ப்பு வழங்கிவிட்டுத்தான் மெசினைத் திருப்புவான். மூன்று வருடத்துக்கு முன் கிளச்சில் இருந்த இடதுகால் வழுக்கியது. பிறகு விரல்கள் சோர்ந்தன. பிறகு நாக்குப் புரள மறுத்தது. நரம்பு நோய், மருந்தால் மாறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இப்போது சில்லு நாற்காலியில் இருக்கிறான். கழுத்து திரும்பும், கண் அசையும், இடதுகைப் பெருவிரலில் கொஞ்சம் வலு இருக்கிறது. புத்தியில் ஒரு மயிரிழை குறையவில்லை.

அவனுடைய தம்பி சுபாங்கன் கனடாவில் இருந்து ஒரு லப்டொப் அனுப்பியிருந்தான். அதன் கமெரா சோமசேகரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலை திரும்பும் பக்கம் திரையில் அம்புக்குறி போகும். எழுத்தின் மேல் வந்ததும் பெருவிரலால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எழுத்துச் சேர்ந்து சொல்லாகி, சொல் சேர்ந்து வசனமானால் மெசின் அதை வாசிக்கும். கூட வந்த சின்னப் பொத்தான் அவன் விரலுக்கு எட்டவில்லை. உதயகலா ஒரு பழைய பம்ப் ஸ்ராட்டரின் பச்சைப் பொத்தானைக் கழற்றி, மௌஸின் வயரோடு பற்ற வைத்து, தேவையானால் கழற்றக்கூடியபடி நாற்காலிக் கையில் பூட்டிக் கொடுத்தாள். உள்ளங்கை அளவு பொத்தான். தட்டினால் 'டக்' என்று அடுப்படி வரை கேட்கும்.

மெசினின் குரல் இந்தியாக்காரக் குரல். 'எனக்கு ஏலாது' என்று சோமசேகரம் எழுதினால் அது வானொலிச் செய்திபோல வாசிக்கும். முதல் கிழமை அயலட்டை எல்லாம் கேட்டுச் சிரித்தது. பிறகு அது சோமசேகரத்தின் குரலாகவே பழகிவிட்டது.

அந்த மெசினை அவர்கள் அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி எழுப்பக் கடவுச்சொல் அடிக்க வேண்டும், ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தூங்க விட்டால் போதும். பச்சைப் பொத்தானை ஒருமுறை தட்டினால் அவனே எழுப்பிக்கொள்வான். யாரையும் கேளாமல், தான் நினைத்த நேரத்தில் வாயைத் திறக்கலாம். இந்த வீட்டில் அந்தத் தூக்கத்துக்கு அவ்வளவு பெறுமதி.

ஆனால் அது ஒழுங்காகத் தூங்கவில்லை.

சித்திரை மாதக் கிளினிக் அன்று அது தெரிந்தது. விடிய ஐந்தரைக்கு ஜெரிசனின் ஓட்டோவில் யாழ்ப்பாணம் போய், இலக்கம் எடுத்து, நடையில் காத்திருந்தார்கள். உட்காரும் வாங்குகள் நிறைய நோயாளர். ஒரு பிளக் பொயின்ற் கிடையாது. நூறு வீதம் சார்ச் ஏற்றிக்கொண்டு வந்த மெசினை வந்ததும் தூங்க விட்டாள். பன்னிரண்டே காலுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் சோமசேகரம் பச்சைப் பொத்தானைத் தட்டினான். டக். திரை கறுப்பாகவே இருந்தது. திரும்பத் தட்டினான். டக், டக்.

"பற்றரி முடிஞ்சு போச்சுப் போலை," என்றாள் உதயகலா.

டொக்டர் பத்மாசினி நல்ல பெண். ஆனால் வெளியே இன்னும் முப்பது பேர். அவர் உதயகலாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, சாப்பாடு விழுங்கேக்கை புரையேறுதோ?"

"ஓம் டொக்டர். ஒரு நேரச் சாப்பாடு ஒண்டரை மணித்தியாலம் எடுக்குது. போன கிழமை இரண்டு தரம் மூச்சடைச்சுக் கண் சொருகிப் போச்சு."

"அப்ப வயித்திலை குழாய் வைச்சு, அதாலை சாப்பாடு குடுக்கிறதுதான் நல்லது. வாற மாசம் வந்து ஆஸ்பத்திரி வாட்டிலை நில்லுங்கோ. சம்மதமோ?"

"ஓம் டொக்டர்," என்றாள் அவள்.

பக்கத்தில் பச்சைப் பொத்தான் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. உதயகலாவும்தான்.

வீட்டுக்கு வந்து சார்ச் ஏற்றிக் கொடுத்தும் சோமசேகரம் இரண்டு நாளாக ஒரு சொல் எழுதவில்லை. புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து, அரிதட்டில் அழுத்தி எடுத்து ஊட்டினாள். வாயைத் திறந்து வாங்கினான், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் அவள் கரண்டியைக் கோப்பையில் போட்டாள்.

"என்னெண்டு சொல்லுங்கோவன். இப்பிடி உம்மெண்டு இருந்தால் எனக்கு என்ன விளங்கும்?"

அம்புக்குறி எழுத்தெழுத்தாக நகர்ந்தது. அவள் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றது இந்தியாக்காரக் குரல்.

"நீங்கள் கதைக்கேலாமல்தானே இருந்தனீங்கள். மெசின் செத்துப் போச்சு. நான் என்ன செய்ய?"

பெருவிரல் நிதானமாகத் தட்டியது. நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"மெசின்தான் செத்தது. நான் சாகேல்லை."

உதயகலா கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவ வேண்டிய தேவையில்லாத சட்டி ஒன்றைக் கழுவினாள். அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அழத் தெரியாது, எதையாவது அவிழ்க்கத்தான் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சரி. உது ஏன் சாகுது எண்டு நான் பாக்கிறன்," என்றாள்.

அன்று முதல் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில், எத்தனை சுற்று, எத்தனையாம் நம்பர்க் கம்பி என்று எழுதுகிற அதே கையெழுத்தில், மெசினின் கணக்கும் ஏறியது. காலை ஆறுக்கு மூடினது, நூறு. எட்டுக்குத் திறந்தது, எழுபது. பத்துக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டரைக்குச் சீவனில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மூடி வைத்த மெசினின் அடிவயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

சூடு.

"இஞ்சாருங்கோ, இது நித்திரை கொள்ளேல்லை," என்றாள் சோமசேகரத்திடம். "கண்ணை மூடிக்கொண்டு கிடக்குது, அவ்வளவுதான். உள்ளுக்குள்ளை எதுவோ ஓடுது."

கொம்பியூட்டர் திருத்துகிற மயூரதனின் கடை கோப்பாயில் இருந்தது. முப்பது வயதுப் பொடியன், கெட்டிக்காரன், கை சுத்தமானவன். பற்றரி பழசு, மாற்றினால் சரிவரும் என்றான். மாற்றினார்கள். அரை மணித்தியாலம் கூட நின்றதே தவிர மற்றதெல்லாம் பழையபடிதான். உதயகலா திரும்பவும் மெசினோடு அவன் கடையில் போய் நின்றாள்.

"தாங்கியிலை ஓட்டை எண்டால் தாங்கியை மாத்தலாம் தம்பி. இது தாங்கி இல்லை. எங்கையோ பைப் திறந்து கிடக்குது. பைப்பைப் பாரும்."

மயூரதன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மெசினின் குறிப்பேட்டைத் திறந்தான். ஒவ்வொரு முறை விழிப்பதையும் தூங்குவதையும் மெசின் தானே எழுதி வைக்குமாம். திரையில் வரிசை வரிசையாக ஓடியது. அவன் முதலில் சாதாரணமாகப் பார்த்தான், பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"அக்கா, நீங்கள் சொன்னது சரி. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா எழும்புது. எழும்பி, இன்ரநெற் இருக்கோ எண்டு தேடுது. இல்லையெண்டால் பேந்தும் தேடுது."

"எங்களுக்கு இன்ரநெற் என்னத்துக்கு? அவரின்ரை கதை முழுக்க மெசினுக்குள்ளைதானே இருக்கு. நிப்பாட்டி விடும்."

நிற்பாட்டினான். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மெசினை ஒருக்கா அணைத்துப் போட்டதும் பழைய குணம் திரும்பிவிட்டது. இன்னொரு விதமாக நிற்பாட்டினான். அதுவும் நிற்கவில்லை. நாலாம் முறை போனபோது மயூரதன் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னான்.

"நாங்கள் வெளியாலை மாத்திறதை அது மதிக்கேல்லை அக்கா. உள்ளுக்கு ஒரு கோப்பு இருக்கு. இந்த மொடல் மெசின் நித்திரையிலை என்னென்ன செய்யவேணும் எண்டு அதிலைதான் எழுதியிருக்கு. ஒவ்வொருக்கா அணைச்சு எழுப்பேக்கையும் அதை வாசிச்சுப்போட்டு, எங்கடை சொல்லை அழிச்சுப்போட்டு, தன்ரை சொல்லைப் போடுது."

"அப்ப அந்தக் கோப்பிலை மாத்தும்."

"அதுக்குப் பூட்டுப் போட்டிருக்கு. வைரஸ், கள்ளர் ஒண்டும் கைவைக்கக் கூடாது எண்டு. மெசின் சொந்தக்காரனையே விடாது."

"பூட்டைத் திறக்கேலாதோ?"

"திறக்கலாம்," என்று இழுத்தான் மயூரதன். "திறந்து, மாத்தி, திரும்பப் பூட்டலாம். வெளிநாட்டிலை கனபேர் செய்திருக்கினம், எழுதியும் வச்சிருக்கினம். ஆனா ஒரு எழுத்துப் பிழைச்சால் மெசின் எழும்பாது. வேறை மெசின் எண்டால் செய்து பாப்பன். இதுக்குள்ளை அண்ணையின்ரை குரல் இருக்கு. ஒண்டரை வருசமா அவரின்ரை தலையாட்டத்தை அது பழகி வச்சிருக்கு. நான் கைவைக்க மாட்டன் அக்கா. பிழைச்சால் உங்கடை வீட்டு வாசல் மிதிக்கேலாது."

அந்தப் பயம் உதயகலாவுக்குப் பிடித்திருந்தது. பயப்படுகிறவன்தான் கவனமாகப் பார்ப்பான்.

"நீர் கைவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து பக்கத்திலை இருந்து வாசியும். நான் அடிக்கிறன். பிழைச்சால் என்ரை பிழை."

சுபாங்கனிடம் போனில் சொன்னபோது அவன் பதறிப்போனான்.

"அண்ணி, உதைத் தொடாதேங்கோ! அது சிஸ்ரத்தின்ரை கோப்பு. கொம்பனிக்காரனே பூட்டி வைச்சிருக்கிறான் எண்டால் காரணம் இருக்கும். நான் புது மெசின் ஒண்டு வாங்கி அனுப்புறன், ஆவணிக்குள்ளை வந்திடும்."

"கிளினிக் வாற வியாழன் தம்பி."

"ஒருக்காத்தானே. நீங்கள் அண்ணைக்காகக் கதையுங்கோ."

"போனமுறை அதைத்தான் செய்தனான்," என்றாள் உதயகலா.

போனை வைத்துவிட்டுச் சோமசேகரத்தின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். திறந்தால் என்ன, பிழைத்தால் என்ன, புது மெசின் வர எத்தனை மாதம், எல்லாம்.

"மெசின் உங்கடை. குரலும் உங்கடை. இந்த முறை கேட்டுப்போட்டுத்தான் கைவைப்பன்."

 அவன் தலை எழுத்துகளின் பக்கம் திரும்பியது.

"நீர் அவிட்டுப் பூட்டாத மெசின் இந்தத் தெருவிலை இருக்கோ? செய்யும்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மயூரதன் வந்தான், கையில் அந்த வெளிநாட்டுச் செய்முறை அச்சடித்த ஆறு பக்கத் தாளும், பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி ஹாட்டிஸ்க் தட்டும். சோமசேகரத்தின் நாற்காலியை மேசையோடு ஒட்டினாற்போல நிறுத்தினார்கள். உதயகலா சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு வந்தாள். மோட்டர்க் கம்பிக்குப் பூசும் வார்னிஷ் கறை நகத்தடியில் அப்படியே இருந்தது.

"முதல் எல்லாத்தையும் தட்டிலை பிரதி எடுப்பம்," என்றாள். "மோட்டர் அவிழ்க்க முன்னம் எந்தக் கம்பி எங்கை போகுதெண்டு கீறி வைக்கிற மாதிரி."

பிரதி எடுத்து முடியப் பத்தே கால். மெசினை அணைத்து, இரண்டு விசைகளை அமுக்கிப் பிடித்தபடி வேறு வழியால் எழுப்பி, பூட்டை நீக்கச் சொல்லி ஒரு வரி அடித்தாள். மயூரதன் எழுத்தெழுத்தாகச் சொன்னான், அவள் ஒற்றை விரலால் அடித்தாள். முந்நூறு சுற்றுக் கம்பியை எண்ணிக்கை பிசகாமல் சுற்றுகிறவளுக்கு அந்த வேகம் இயல்பாக இருந்தது. பூட்டுத் திறந்தது என்று மெசின் ஒப்புக்கொண்டது.

கோப்பைத் திறந்தபோது உதயகலா ஏமாந்துதான் போனாள். ஏதோ பெரிய யந்திரத்தை எதிர்பார்த்திருந்தாள். நூறு வரி இங்கிலிஷ். தூங்கும்போது வலையைத் தேடு, ஓம். அஞ்சலைப் பார், ஓம். நேரத்தைச் சரிபார், ஓம். மயூரதன் விரல் வைத்துக் காட்டினான்.

"இந்த மூண்டு 'ஓம்'ஐயும் 'இல்லை' ஆக்கவேணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுக்கோ மனிசன் வாய்மூடி இருந்தவர்?"

மாற்றினாள். பூட்டைத் திரும்பப் போட்டாள். மெசினைத் திரும்ப எழுப்பினாள். திரை வெளித்தது, கறுத்தது. நடுவில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. அதற்கு மேல் ஒன்றும் அசையவில்லை.

மயூரதன் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தான். "அக்கா…"

"பொறும்."

"சொன்னனான்தானே அக்கா…"

"தம்பி, பொறும் எண்டு சொன்னனான். எரிஞ்சு புகை வந்ததோ? இல்லை. அப்ப சாகேல்லை. ஏதோ ஒரு முனை கொழுவுப்படேல்லை. வந்த வழியாலை திரும்பிப் போவம்."

 சோமசேகரத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் பெரிதாகி, அவள் முகத்துக்கும் கதவுக்குமாக மாறி மாறி ஓடின. பயந்து போனார் என்று நினைத்து அவன் தோளைத் தடவினாள்.

"பயப்பிடாதையுங்கோ. எடுத்துத் தாறன்."

அவன் கண்களை இறுக்க மூடித் திறந்தான். மறுபடி கதவைப் பார்த்தான்.

திரும்பவும் வேறு வழியால் எழுப்பி, தட்டில் இருந்த பழைய கோப்பை அதன் இடத்தில் வைத்தார்கள். தான் மாற்றிய கோப்பையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, அளவுகோலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள் உதயகலா. மயூரதன் இரண்டு தரம் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றான். அவள் மூன்றாம் தரமும் மேலிருந்து தொடங்கினாள். இரண்டாவது 'இல்லை'க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சரிவான கோடு இல்லை.

"இந்தக் கோடு எங்கை?"

மயூரதன் குனிந்து பார்த்தான். "ஐயோ. நான் வாசிக்கேக்கை விட்டிட்டன் அக்கா."

"நீர் விட்டாலும் அடிச்சது நான்தானே," என்றாள் அவள். கோட்டைப் போட்டாள். இன்னொரு முறை அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டினாள்.

மெசின் எழும்பியது. வழமையான படம், வழமையான எழுத்துப் பலகை. கமெராவின் பக்கத்தில் சின்ன வெளிச்சம் பற்றியது. மயூரதன் கதிரையில் சாய்ந்தான். அம்புக்குறி பாய்ந்து பாய்ந்து ஓடியது. சோமசேகரம் இவ்வளவு வேகமாக எழுதி அவர்கள் பார்த்ததில்லை.

"சலம் வருது. ஒரு மணித்தியாலமாக் கண்ணாலை சொல்லுறன்."

மயூரதன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். உதயகலா நாற்காலியைக் கக்கூசுப் பக்கம் தள்ளிக்கொண்டு கதவைத் தாண்டும்போதே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு வீட்டில் வாழ்ந்தவள். அவன் கண்ணைப் பார்த்தால் மனம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். பயம் என்று வாசித்தது அவசரமாக இருந்திருக்கிறது. அன்று கிளினிக்கிலும் அவள் அப்படி எதையோ வாசித்துத்தான் ஓம் சொன்னாள்.

அன்று பின்னேரம் மெசினை மூடி, நான்கு மணித்தியாலம் கழித்து அடிவயிற்றில் புறங்கையை வைத்தாள். சீமெந்து நிலம்போலக் குளிர்ந்திருந்தது. கொப்பியில் எழுதினாள்: மூடினது நூறு, திறந்தது தொண்ணூற்றெட்டு.

வியாழன் விடிய ஐந்தரைக்கு ஓட்டோ வந்தது. ஜெரிசன் சோமசேகரத்தைக் குழந்தையைப்போலத் தூக்கிப் பின்சீற்றில் இருத்தி, நாற்காலியை மடித்து மேலே கட்டினான். உதயகலா ஒரு பையும் எடுத்துக்கொண்டாள். சாறம், துவாய், சவர்க்காரம், போத்தல், தலையணை உறை. வாட்டில் நிற்பதற்கான பை.

"இரவைக்கு நிக்கிறியளோ அக்கா?" என்று கேட்டான் ஜெரிசன்.

"நிப்பம். குழாய் வைக்கிறதெல்லே," என்றாள்.

 மெசின் சோமசேகரத்தின் மடியில் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

நடையில் அதே வாங்கு, அதே கூட்டம். ஒன்பது மணிக்கு அவன் பச்சைப் பொத்தானைத் தட்டினான். டக். திரை வெளித்தது. மூலையில் தொண்ணூற்றேழு. 'முதுகைக் கொஞ்சம் நிமித்தும்' என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்க விட்டான். பக்கத்தில் இருந்த கிழவர் அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு, வானொலிப் பெட்டியைத் தேடினார்.

பன்னிரண்டுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். டொக்டர் பத்மாசினி கோவையைப் புரட்டிவிட்டு உதயகலாவைப் பார்த்தார்.

"வந்தது நல்லது அம்மா. இண்டைக்கு வாட்டிலை சேர்ப்பம், நாளைக்குக் குழாய் வைப்பம். சரிதானே?"

உதயகலா வாயைத் திறந்தாள்.

டக்.

திரை எழும்பியது. டொக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். "ஒரு நிமிசம் டொக்டர்," என்றாள் உதயகலா. "அவர் கதைக்கப் போறார்."

பேனா நின்றது. அறைக்குள் பெருவிரலின் டக் டக் மட்டும்.

"என்னைக் கேளுங்கோ டொக்டர்."

டொக்டர் தன் கதிரையைச் சத்தத்தோடு திருப்பி அவனுக்கு நேரே போட்டுக்கொண்டார். "மன்னிக்கவேணும் ஐயா. சொல்லுங்கோ. உங்களுக்குச் சம்மதமோ?"

"குழாய் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இப்ப வேண்டாம்."

உதயகலாவின் கை பையின் காதை இறுகப் பிடித்தது.

"ஏன் ஐயா இப்ப வேண்டாம்?"

இதற்கு நேரம் எடுத்தது. டொக்டர் காத்திருந்தார். கதவைத் தட்டிய தாதியிடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கறுத்தக்கொழும்பான் மாங்காய் இப்பத்தான் பழுக்குது."

டொக்டர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. பெருவிரல் தொடர்ந்தது.

"பகிடி இல்லை. நான் வாயாலை சாப்பிடுற கடைசி மாம்பழக் காலம். அதைத் தெரிஞ்சுகொண்டு சாப்பிட வேணும்."

"குழாய் வைச்சாலும் நாக்கிலை தொட்டு ருசி பாக்கலாம் ஐயா."

"ருசி பாக்கிறது வேறை. சாப்பிடுறது வேறை."

 டொக்டர் அவனிடமே விளக்கினார். மூச்சின் வலு குறையக் குறைய அந்தச் சத்திரசிகிச்சை ஆபத்தாகும், ஐம்பது வீதத்துக்குக் கீழே போனால் செய்யவே முடியாது. ஒரு கருவியைக் கொண்டுவரச் சொல்லி ஊதவைத்தார். உதடு மூடாதபடியால் முகமூடி வைத்து மூன்று முறை. அறுபத்திரண்டு வீதம்.

"ஆறு கிழமை தாறன்," என்றார்.

"எட்டு."

"ஆறு. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து ஊதிக் காட்ட வேணும். ஐம்பத்தைஞ்சுக்கு வந்தால் அடுத்த நாளே குழாய். இதிலை பேரம் இல்லை."

"சரி. நான் சொன்னது எண்டு எழுதுங்கோ."

டொக்டர் எழுதினார். எழுதியதை அவனுக்கு வாசித்தும் காட்டினார். உதயகலா அவ்வளவு நேரமும் சுவரோரம் நின்றாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஓட்டோ யாழ்ப்பாணத்தையும் இருபாலையையும் தாண்டியது. கோப்பாயில் உதயகலா தொடங்கினாள்.

"ரெண்டு தரம் மூச்சடைச்ச நேரம் உங்கடை முதுகிலை அடிச்சது ஆர்? கண் சொருகேக்கை பாத்துக்கொண்டு நிண்டது ஆர்? மாம்பழமாம். அந்த மாம்பழத்தை ஊட்டப்போற கை ஆரின்ரை கை? ஒவ்வொரு கரண்டிக்கும் நான் செத்துச் செத்து எழும்புறன், தெரியுமோ? டொக்டருக்கு முன்னாலை என்னோடை ஒரு சொல் கதைச்சியளோ? வீட்டிலை சொல்லியிருக்கலாமே! நான் பையையும் கட்டிக்கொண்டு விசரி மாதிரி…"

நாற்காலிக் கையில் இருந்து கழற்றி அவன் விரலடியில் வைத்திருந்த பொத்தான் டக், டக் என்றது. ஆனால் ஓட்டோ குலுங்கக் குலுங்க அம்புக்குறி எழுத்துக்கு எழுத்து தாவியது. சோமசேகரத்தால் ஒரு சொல்லைச் சேர்க்க முடியவில்லை. 'நீ ப த் கு' என்று மெசின் திக்கியது.

"அவரின்ரை முறை வருகுதில்லை அக்கா," என்றான் ஜெரிசன். "நீங்கள் மட்டும் சண்டை பிடிக்கிறது நியாயமில்லை." நீர்வேலியில் வாழைக்குலைகள் அடுக்கிக் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமர நிழலில் ஓட்டோவை ஓரம் கட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான்.

சோளகம் வாழைச் சருகைச் சரசரவென்று அள்ளிக்கொண்டு போனது. மெசின் சொன்னது:

"வீட்டிலை சொன்னால் நீர் அழுவீர். நான் ஓம் எண்டுவன்."

"நான் எப்ப அழுதனான்?"

"அழ மாட்டீர். சட்டி கழுவுவீர். அது அதைவிட மோசம்."

குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவன் நின்று பார்த்தான். உதயகலா அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினாள். திரும்பியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"எனக்குப் பயமாக் கிடக்கு."

இதை அவள் மூன்று வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதில்லை, கனடாவுக்குச் சொன்னதில்லை, தனக்குத்தானே சொன்னதில்லை.

அம்புக்குறி நகர்ந்தது. இந்த முறை அவள் சுவரையோ தெருவையோ பார்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான்."

சற்றுப் பொறுத்து மறுபடி:

"சின்னத் துண்டா வெட்டும். நிமித்தி இருத்தும். ஒரு நாளைக்கு அரைப் பழம். மூச்சடைச்சால் அண்டோடை மாம்பழத்தை விடுவன். இது நான் உமக்குத் தாற சொல்லு."

"அரைப் பழம் இல்லை. கால் பழம்."

"அரை."

"கால் எண்டு சொன்னனான். இதிலை பேரம் இல்லை."

சோமசேகரத்தின் முகத்தில் அசையக்கூடிய இடமெல்லாம் அசைந்தது. அது சிரிப்பு என்பது ஜெரிசனுக்கே தெரிந்தது.

உதயகலா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். திரையின் மூலையைப் பார்த்தாள். எண்பத்தொன்பது. வாட்டுக்கென்று கட்டிய பையைக் காலடிக்குத் தள்ளிவிட்டு, அவனுக்கு நேரே திரும்பி உட்கார்ந்தாள்.

"ஜெரிசன், நீர் போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாரும். ஆறுதலா வாரும்."

"கனநேரம் ஆகுமோ அக்கா?"

"ஆகும். சார்ச் கிடக்கு," என்றாள் அவள். பிறகு சோமசேகரத்தைப் பார்த்து, "சொல்லுங்கோ. எனக்குச் சொல்லாமல் வேறை என்னென்ன வச்சிருக்கிறியள்?"

அவன் தலை முதல் எழுத்தை நோக்கித் திரும்பியது.